பல் உடைந்த சீப்பு

மூன்றாவது அடியில்தான் டேப்லெட் அணைந்தது.

அதுவரை கார்ட்டூன் இளவரசி சிரித்துக்கொண்டேயிருந்தாள். நொறுங்கிய கண்ணாடிக்குப் பின்னால், தலையில் சீப்புச் செருகி, குதிரை மேல்.

அவர் கைத்தடியை மறுபடி ஓங்கினார்.

நான்காவது அடி மேசையில் விழுந்தது. ஐந்தாவது, மேசை விளிம்பைப் பற்றியிருந்த பேத்தியின் வலது கையில்.

இதழினி அலறவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கையை உதறினாள். அவருடைய வெள்ளை வேட்டியில் ரத்தம் புள்ளி வைத்தது.

"என்ன மாமா சத்தம்?" அடுக்களையிலிருந்து மருமகள்.

"ஒண்ணுமில்லம்மா. கை தவறிருச்சு."

குரல் நடுங்கவில்லை. அந்த வீட்டில் அவர் குரல் ஒருநாளும் நடுங்கியதில்லை.

பத்து நிமிடத்துக்கு முன்பு அவரே சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்த கதைதான்.

இரண்டு கார்ட்டூன் படங்கள். முதல் படம் கோட்டையும் வாளும் இருந்த காலம். இளவரசி குதிரைக்காரனோடு ஓடிப்போகிறாள். தலையில் ஒரு பல் உடைந்த வெள்ளிச் சீப்பு. வேறு ராஜ்யத்தில் சுகமாக இருந்தாள் என்று படம் முடிகிறது. இரண்டாவது படம் இருநூறு வருடம் தள்ளி. ரயில் ஓடுகிறது. அதே அரண்மனையில் வேறொரு சிறுமி பழைய பெட்டி ஒன்றைத் திறக்கிறாள்.

உள்ளே சீப்பு. அதே உடைந்த பல்.

"ரெண்டும் ஒரே குடும்பம் தாத்தா. நெட்ல நாங்க எல்லாருமாச் சேந்து கண்டுபிடிச்சிட்டோம்."

"சரி."

"சீப்பு அவ தலையோட போச்சுல்ல? அப்பறம் எப்படி அரண்மனைப் பெட்டிக்குள்ள வரும்?"

"திரும்பி வந்திருப்பா, வெக்கங்கெட்டவ."

"வரல. அவ போகவே இல்ல. கோட்டை வாசலத் தாண்டுறதுக்குள்ளயே முடிச்சிட்டாங்க. ஓடிப்போயிட்டான்னு ஊருக்குச் சொல்லிட்டாங்க."

அவர் சிரித்தார். பதின்மூன்று வயதில் என்ன மூளை, நம் வீட்டு மூளை என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவள் திரையில் அடுத்த படத்தைத் தள்ளினாள்.

அது கார்ட்டூன் இல்லை.

இதே கூடத்துச் சுவரில் தொங்கும் புகைப்படம். கோயிலில் அவருக்கு முதன்முதலாகப் பரிவட்டம் கட்டிய அன்று எடுத்தது. இருபத்தாறு வயது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்றவளை பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது.

தங்கை பூரணம்.

அவள் இருந்த மற்றப் படங்களையெல்லாம் அடுப்பில் போட்டாயிற்று. இதை மட்டும் போட மனம் வரவில்லை. பரிவட்டம் இருந்தது.

தோளில் அவள் வைத்திருந்த கையையும் அறுக்கவில்லை. அறுத்தால் தோளும் போய்விடும்.

இதழினி அந்தக் கையைப் பெரிதாக்கியிருந்தாள். மணிக்கட்டில் யாளிமுகக் காப்பு. யாளிக்கு ஒரு காது உடைந்திருந்தது.

பிறகு தன் வலது கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதே காப்பு. அதே காது.

போன மாதம்தான் அவளுக்குச் சடங்கு. மாமன் வீட்டார் ஐம்பத்தொரு தட்டுச் சீரோடு வந்து நின்றார்கள். "தலைப்பொண்ணுக்குப் பரம்பரைக் காப்புப் போடுற வீடுன்னாங்க. புள்ள வெறுங்கையால்ல நிக்குது?" என்று அந்தப் பக்கத்து அம்மாள் ஒருத்தி சபையில் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்தார். நாற்பத்தாறு வருடம். தெரிந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

"லாரிக்காரரோட பம்பாய்க்கு ஓடிப்போனப்ப காப்பையும் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு அப்பா சொன்னாரே தாத்தா," என்றபடி இதழினி திரையை மறுபடி குதிரை மேலிருந்த இளவரசிக்குத் தள்ளினாள். "அப்ப இது எப்படி நம்ம வீட்டுப் பெட்டியில..."

அங்கேதான் கைத்தடி எழுந்தது.

இப்போது தடியைக் கீழே போட்டார். அவள் மணிக்கட்டைப் பிடித்தார். காப்பை இழுத்தார்.

வரவில்லை. அடிபட்ட கை வீங்கத் தொடங்கியிருந்தது.

முறுக்கி இழுத்தார். தோல் உரிந்தது. யாளியின் வாய்க்குள் ரத்தம் இறங்கியது.

இந்த இழுவை அவருக்குத் தெரியும்.

கரும்புத் தோட்டம். கயிறு இறுகி வீங்கிய மணிக்கட்டு. விறைத்துப் போவதற்குள் கழற்றுடா என்று பல்லைக் கடித்த அப்பா. கட்டைவிரல் எலும்பு முறிந்தபோது கரும்பு ஒடிகிற சத்தம்தான் கேட்டது. அதன் பிறகு காப்பு சுலபமாக வந்துவிட்டது.

அவருடைய பெருவிரல் தானாகவே அந்த இடத்தைத் தேடிப் போய் அழுத்தியது.

இதழினி கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் வழிய அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். சற்று முன் அந்தச் சீப்பைப் பார்த்தது போல.

"சோப்புப் போட்டா வந்துரும் தாத்தா," என்றாள். "அவங்களுக்குப் போடலையா?"

பிடி தளர்ந்தது.

அடுக்களை வாசலில் மருமகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. விறுவிறுவென்று வந்து மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முந்தானையால் அந்தக் கையைச் சுற்றினாள். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

அவரும் பார்த்தார்.

பரிவட்டம். கறுப்புத் தாள். தோளில் நான்கு விரல்கள்.

அவர் நிமிர்ந்தேதான் நின்றார். வலது கை மட்டும் மெல்ல எழுந்து, இடது தோளில் எதையோ தட்டிவிட்டது.

மறுபடி தட்டிவிட்டது.