வெறும் ஆசனம்

"உருவம் இருக்கிற ஊட்டுக்கு வானத்து மலக்குமாரும் வரமாட்டாங்க, வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க மாப்பிள்ளையிட உம்மாவும் வரமாட்டா" என்று பக்கத்து வீட்டு ஸுல்பிகா கத்தினாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, வேலிக்கு இப்பால் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மீன் கழுவ முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

"நகத்தளவு விமானிக்கு இவ்வளவு கதையா?" என்றார் அவளுடைய கணவர் முஸம்மில். உப்பள வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர், நாலு மாதமாக யுத்தகாலச் சண்டை விமானமொன்றின் மாதிரியைச் சாண் நீளத்தில் ஒட்டி, உள்ளே விமானிப் பொம்மையும் வைத்து, புகைக்கறை வரை தீட்டியிருந்தார்.

கடைசியில் மகள் ஷிஹாராவின் சம்பந்தத்துக்காகப் பணிந்தார். விமானியை மட்டும் பிடுங்கினார். வெறும் ஆசனத்தின் மேல் கண்ணாடி மூடியைப் பசை வைத்து அடைத்து, விமானத்தைக் கூடத்து அலுமாரியில் வைத்தார். பொம்மையை ஊரோரக் களப்புத் தண்ணீரில் எறியும் பொறுப்பு எனக்கு வந்தது. எறிந்தேன்.

வெள்ளிக்கிழமை வட்டிலப்பம் பரிமாற நானும் போனேன், கூப்பிட்டால்தானா போகவேண்டும்? மாப்பிள்ளையின் உம்மா அலுமாரிப் பக்கம் குனிந்தார்.

"இதுக்குள்ள ஆர் மூச்சு விடுறது?"

விமானத்து மூடியின் உட்பக்கம் ஆவி படிந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் மிளகளவு வட்டமொன்று துடைபட்டுத் தெளிந்தது. உள்ளேயிருந்து, களப்பு இருக்கும் பக்கமாக.

மாப்பிள்ளையின் உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அதைப் பார்த்து மெதுவாக ஸலாம் சொன்னார்.

அடுத்த மாதமே நிக்காஹ் முடிந்து ஷிஹாரா முந்தலுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாள். அலுமாரியைக் களப்புத் தெரியும் ஜன்னலடிக்கு நகர்த்தி வைத்தவள் ஸுல்பிகாதான்.