கட்டுக்குள் வீங்கும் கை

ஓசூர் லைன் வீட்டு வாசல் வெயிலில் தம்பி மாதேஷ் உட்கார்ந்திருக்கிறான். காலையில் கம்பெனி பிரஸ் மெஷினில் அவன் கை நசுங்கியது. "ரத்தமே வரல, இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?" என்று கான்ட்ராக்டர் கட்டுப்போடும் வைத்தியரிடம் அனுப்பிவிட்டான். முட்டை தடவிய துணி, மூங்கில் பத்தை, இறுக்கமான கட்டு. வெளியே தெரியும் விரல்கள் பளபளவென்று உப்பியிருக்கின்றன. "தோலே கிழியல, கிருமி எப்படிடி உள்ள போவும்? எதுக்கு வீங்குது?" என்கிறாள் அம்மா. "கிருமியே வேண்டாம்மா" என்கிறேன். நசுங்கிய செல் உடைந்து, உள்ளே இருந்தது வெளியே கொட்டினாலே போதும். காவல் செல்கள் அதைப் பார்த்து, எதிரி வந்துவிட்டதாக அலறும். நீர் பாயும், சதை வீங்கும். இந்த வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் போய் நான் படித்தது இதைத்தான். கட்டுக்குள் வீங்க இடமில்லாவிட்டால் அந்த வீக்கமே ரத்தக் குழாயை நெரிக்கும். கட்டை வெட்டக் கத்திரிக்கோலைக் கேட்கிறேன். "பிரிச்சா கை கோணிக்கும்னு வைத்தியர் சொன்னாரு" என்று அம்மா கத்திரிக்கோலை மடியில் இறுக்கிக்கொள்கிறாள். மாதேஷின் முகம் திடீரென்று தெளிகிறது. "வலி போயிருச்சுக்கா. டாக்டரம்மா, சும்மா பயமுறுத்தாத." அம்மா சாமியைக் கும்பிடுகிறாள். அவன் நகத்தை அழுத்துகிறேன். வெளுத்தது வெளுத்தபடியே நிற்கிறது, ரத்தம் திரும்பவில்லை. விரல் சில்லென்றிருக்கிறது. நறுக்கென்று கிள்ளுகிறேன். அவன் சிரித்துக்கொண்டே இருக்கிறான்.