தலைக்கு மேல் போன கோடு

கணினி வரைபடத்தில், உதவி இன்னும் போய்ச்சேராத ஊரைக் காட்டும் ஒரு சிவப்புப் புள்ளி தவித்துக்கொண்டிருந்தது. அதன் ஊரில் வெள்ளம் ஜன்னல் வரை ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து, நிவாரண லாரிகளைக் காட்டும் நீலக் கோடு நகரத்திலிருந்து வேறொரு ஊரின் முகாமை நோக்கிக் கிளம்பி, வில்லாய் வளைந்து அதன் தலைக்கு மேலேயே வந்தது.

"வந்துட்டியா அண்ணே! இங்கதானே நிக்கப்போறே?"

"இல்லப்பா. லாரியெல்லாம் தெக்கால மேட்டு ரோட்டுல போகுது. நேரா போட்டா பாக்க நல்லா இருக்காதாம், அதான் என்னை இப்படி வளைச்சுவிட்டாங்க."

"ஐயோ, அப்போ தள்ளிப் போ! பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நானா எப்படிப்பா தள்ளிப் போறது?"

அதற்குள் மவுஸ் அம்பு ஓடிவந்தது. "அட, இந்த ஊருக்கும் லாரி போயிருச்சா!" என்று நிம்மதியாகச் சிரித்தது. சிவப்புப் புள்ளி கத்தக் கத்த, 'உதவி கிடைத்தது' என்று அதை ஒரே சொடுக்கில் பச்சையாக்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போனது.