எச்சில் ஓடுபாதை

சம்பந்தம் பேசி முடித்துக் கை நனைக்க உட்கார்ந்தவர்கள் மாப்பிள்ளை பிரதீப்பும் அவனைப் பெற்ற இருவரும்; பரிமாறியவர்கள் மகுடபதியும் அவர் மகள் பூங்கொடியும். விமானி உரிமத்துக்குப் பூங்கொடியும் படிக்கிறாள், பிரதீப்பும் படிக்கிறான். மென்று துப்பிய முருங்கைச் சக்கைகளை அவன் இலையில் நீளமாக அடுக்கினான்.

“இதுதான் ஓடுபாதை. அதைத் தாண்டி இந்தத் தயிர்ச்சோறு நிறுத்துதளம். கிளம்பற ஓட்டத்துக்கு அதையும் சேத்துக்கலாம்.”

மகுடபதி அந்த இலையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சேக்கக் கூடாதுங்க. கிளம்பாம பிரேக் போட்டா நிக்கறதுக்கு மட்டுந்தான் அது,” என்றாள் பூங்கொடி.

“நீ இலைய எடும்மா, போதும்,” என்று சிரித்தான் அவன்.

பிறர் எச்சிலைத் தொட்டறியாத மகுடபதி குனிந்தார். உறவு வேண்டாதவர் மூடுவதுபோல் அவன் இலையை வெளிப்பக்கமாக மூடினார்.

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை வேண்டாம் என்றதாக ஊரில் பேச்சு. அது பொய். மகுடபதி அந்த இலையை மூடியபோது அவனைப் பெற்றவர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.