கண்ணாடி இல்லாத பெண்

"பொண்ணோட கண்ணப் பாத்தாப் போதும், கொணத்தச் சொல்லிடுவன்" என்றாள் பெரியநாயகி. தட்டில் வைத்த மிக்சரைச் சீந்தக்கூட இல்லை. அந்த வீட்டையே விலை பேச வந்தவள் மாதிரி நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

மகனுக்குப் பெண் பார்க்க எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்திருந்தாள். முதலில் பெண்கள் வந்து பார்க்க வேண்டும், பிடித்தால்தான் மாப்பிள்ளை வருவான் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த மாப்பிள்ளைக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. அதற்குத்தான் இவ்வளவு திமிர்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்ததால், காலையில் வரவேண்டியவள் மாட்டு வண்டியில் சுற்றிக்கொண்டு சாயங்காலம்தான் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தாள். மகள் கோகிலவாணியின் கையைப் பிடித்தபடியே படியேறி, மகள் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரிய இடத்து நடை அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள் பெண்ணின் அம்மா அமிர்தம்.

"எங்க வூட்டுக்கு இந்தச் சோடாபுட்டி மட்டும் ஆவாது. போன மாசம் ஒண்ணு பாத்தோம். கண்ணாடின்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க, தண்ணிகூடக் குடிக்காம எழுந்து வந்துட்டன். நாளைக்குப் பொறக்கறதும் கண்ணாடி மாட்டிக்கினு பொறக்குமே!"

அமிர்தம் ஒரு சிரிப்பைச் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே ஓடினாள்.

உள்ளே மகள் ஜெயசுதாவின் வலது கண் செக்கச்செவேல் என்றிருந்தது. இந்த மாதிரி மகாராணிகளுக்குப் பயந்துதான் பாண்டிச்சேரியில் போய் காண்டாக்ட் லென்ஸ் வாங்கினார்கள். காலையில் மாட்டியது இன்னும் கண்ணிலேயே இருந்தது.

"எரியுதும்மா. கழட்டிடறன்."

"அவங்க போற வரைக்கும் பொறுத்துக்கடி. இன்னா பெரிய எரிச்சல்?"

"செவந்தா ஒடனே கழட்டணும், இல்லன்னா கண்ணே போயிடும்னு டாக்டர் சொல்லல? ராத்திரி அதோட மருந்துலதான ஊற வச்சேன், அப்புறம் எப்பிடி இப்பிடி ஆச்சி?"

அமிர்தம் இழுத்தாள். "அது கொழகொழன்னு இருந்திச்சி. கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தி வச்சேன். நம்ம கெணத்துத் தண்ணி கல்கண்டா இனிக்குமேடி!"

"குடிக்கிறதுக்கா வாங்குனோம் அத?"

ஜெயசுதா சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்தாள். இரண்டு லென்ஸையும் எடுத்துக் குப்பையில் போட்டாள். பெட்டியைத் திறந்து, பாட்டில் அடிப்பக்கம் போலக் கனத்த தன் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"அய்யோ, அதோட போவாதடி! இந்த எடமும் போயிடும்!"

"போனா போவட்டும். கண்ணு போனா அந்தம்மாவா குடுக்கும்?"

காபித் தட்டோடு கூடத்துக்கு வந்து நின்றாள். அமிர்தம் கதவைப் பிடித்துக்கொண்டாள். கோகிலவாணி பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள், சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தலைய நிமுத்தும்மா" என்றாள் பெரியநாயகி.

ஜெயசுதா நிமிர்ந்தாள். பெரியநாயகி அவளை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை அளந்தாள். பிறகு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியநாயகி மகள் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியாடி, கண்ணுன்னா இது கண்ணு! கண்ணாடி கிண்ணாடின்னு ஒரு கருமமும் இல்ல!"