கைக்குப் பழகிய குஞ்சுகள்

"கையை விட்டுப் பாருங்க டாக்டர். ஒண்ணாவது பயந்து ஓடுதா?"

பண்ணைக்காரரின் மனைவி முழங்கை வரை கையைக் குளத்துக்குள் விட்டுக் காட்டினாள். விரல் நீள மீன்குஞ்சுகள் அவள் வளையலை உரசிக்கொண்டு நின்றன. குஞ்சுகள் வளரவில்லை, போட்ட தீனி அடியில் அப்படியே கிடக்கிறது என்று கூப்பிட்டுத்தான் மீன் டாக்டரம்மா வந்திருந்தார். ஆனால் அவளுக்கு முதலில் தன் பெருமையைக் காட்டியாக வேண்டும்.

"எல்லாம் பாசம். இவரு குளத்துல நிழல் பட்டாலே தலைதெறிக்க ஓடும்."

கணவரின் குளம் சாலைக்கு அந்தப் புறம். லாரி இரைச்சலில் அங்கே நடப்பது இங்கே கேட்காது. அவளும் அந்தப் பக்கம் போவதில்லை. இந்த வருஷப் பிழைப்பு முழுக்க இந்த இரண்டு குளங்களில்தான் நீந்திக்கொண்டிருந்தது.

"கொக்கு வந்தா தகரத்தைத் தட்டுவாரு டாக்டர். இங்கயும் தட்ட வந்தாரு, விரட்டிட்டேன். கொக்கு நாலு குஞ்சைத் தின்னா குடி முழுகிடுமா? அந்தச் சத்தத்துல மீன் எப்படி ஒட்டும்?"

பண்ணைக்காரர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அவரிடமும் ஒரு சேதி இருந்தது. டாக்டர் போனதும் சொல்லி இவள் மூக்கை உடைக்கலாம் என்று வைத்திருந்தார்.

டாக்டரம்மா ஒரு குஞ்சைப் பிடித்து டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். இன்னும் இரண்டைப் பார்த்தார். பிறகு மோட்டார் ரூமில் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"பாசம் இல்லம்மா. இதுங்களுக்குக் கண்ணு தெரியல."

அவள் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"கண்ணுக்குள்ள தட்டைப்புழு. கொக்கு எச்சத்துல முட்டை வரும், நத்தைக்குள்ள வளரும், அங்கேருந்து குஞ்சோட கண்ணுக்குப் போயிடும். உங்க கை வர்றதே இதுங்களுக்குத் தெரியாது. தீனியும் தெரியாது."

"மருந்து இருக்குல்ல?"

"போன பார்வை வராது. இதை யாருக்கும் வித்துடாதீங்க."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். பண்ணைக்காரருக்குப் பாவமாக இருந்தது. கேலி செய்ய வாய் வரவில்லை.

"சார் குளம் தப்பிச்சிருக்கும்," என்றார் டாக்டரம்மா. "நிழலைப் பார்த்து ஓடுதுன்னா கண்ணு நல்லா இருக்குன்னு அர்த்தம். அதை வெச்சு வருஷத்தை ஓட்டிடலாம்."

"ஏங்க, நல்லவேளை, உங்க குளமாவது இருக்கு," என்றாள் அவள்.

அவர் சாலையைத் தாண்டித் தன் குளத்துக்கு நடந்தார். கரையில் இரண்டு கொக்குகள் நின்றிருந்தன. தகரம் புல்லுக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. மனைவியைப் போலத் தானும் மீனைப் பழக்கிக் காட்ட வேண்டும் என்று மழைக்கு முன்பே அவர் வீசியெறிந்தது. இன்று காலையில்தான் முதன்முதலாகக் குஞ்சுகள் அவர் கையருகே வந்து நின்றன.

குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

"ஓடுங்க," என்றார். "ஓடித் தொலைங்களேன்."

ஒன்றுகூட நகரவில்லை.