பாதி உயிர்

"என் பாதி உயிரே போயிடுச்சு" என்று கேமரா முன்னால் குமுறி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார் சிரிப்பு நடிகர்.

அவருடைய ஜோடி நடிகர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். இன்னும் சாகவில்லை.

"நாளைக்கு வெளியூர் ஷூட்டிங், தம்பி. இப்பவே எடுத்து வெச்சுக்கோ. அவன் போனதும் டிவில போட்டுடு."

எடிட்டரான நான், கம்ப்யூட்டரில் இருந்த வேறொரு வீடியோவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். போன மாதம் இவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, ஜோடி நடிகர் இதே நாற்காலியில் பேசிவிட்டுப் போனது. அதே பாதி உயிர். தேம்பித் தேம்பி அழுகை.

கூனிக் குறுகிப்போவார் என்று நினைத்தேன்.

கடைசிவரை பார்த்தார். முகம் கறுத்தது.

"படுபாவி, என்னைவிட நல்லா அழுதிருக்கான்" என்று மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னொரு டேக் போலாம். கிளிசரின் இருக்கா?"